குழாய்வழி விளக்கின் உபயதாரர்கள்

காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். தகடும் தகடும் சேரும் இடங்களில் விரலை மெல்ல இழுத்தபடி நடக்க வேண்டும். விரல் நுனி சட்டென்று குளிர்ந்தால் அங்கே கசிவு. சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வாய். செம்மேடு குடியிருப்புப் பள்ளியில் வருகைப் பதிவுகூட அதற்குப் பிறகுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பத்தாம் வகுப்பில் படிக்கும் காந்தளுக்கு அது விளையாட்டாக இருந்த காலம் போய்விட்டது.

அவளுடைய பயமெல்லாம் குழாய்வழியைப் பற்றியது. பள்ளிக் கூடாரத்தையும் வீட்டுக் கூடாரத்தையும் இணைக்கும் நீண்ட உலோகக் குழாய் அது. பள்ளிப் பக்கத்துக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு. குழாய்க்குள் காற்று இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தானாகப் பூட்டும் கதவு முன்பு இருந்தது. அது ஒருமுறை ஆட்களை உள்ளே வைத்தே பூட்டிக்கொண்டது. அதிலிருந்து, விளக்கைப் பார்த்துவிட்டுக் கையால் திறப்பதுதான் விதி. இப்போது அந்த விளக்கும் செத்துவிட்டது. அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

காந்தளின் தங்கை தும்பைக்கு மதியமே பள்ளி விட்டுவிடும். அக்கா வரும்வரை இரு என்றால் இருக்கிற பிறவி இல்லை அவள். மதிய வகுப்புகளில் காந்தள் பாடம் கேட்பதே இல்லை. தூரத்தில் கதவு நகரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மாணவர் மன்றம் நிதி திரட்ட இறங்கியது அவள் கெஞ்சியதால்தான். தலைவன் இர்பானுக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் வாளிக் குளியல் குலுக்கல். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தே வாழ்ந்த ஊரில், ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொள்வது எல்லோருக்கும் கனவு. சீட்டுகள் பறந்தன. பரிசு நிர்வாகியின் மச்சினனுக்கு விழுந்தது. அதோடு குலுக்கல் என்றாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடுத்தது இரைச்சல் அறை. காற்றுச் சுத்திகரிப்பானின் முனகலைத் தவிர வேறு சத்தமே அறியாத ஊர் அது. பிள்ளைகள் ஓர் அறைக்குள் பூமியின் பேருந்து நிலையமாக மாறினார்கள். ஒருவன் ஹாரன், ஒருத்தி சுண்டல் விற்பவள், இரண்டு பேர் சில்லறைக்குச் சண்டை. பூமியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூடக் கட்டணம் கொடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டிலும் சேர்ந்த தொகை விளக்கின் கண்ணாடிக்கே போதவில்லை.

அப்போதுதான் இர்பான் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு படத்தோடு வந்தான். பூமியில் ஏதோ ஒரு கோயில் மண்டபம். கூரையில் நீளமான வெள்ளை விளக்கு. அதன்மேல் முனையிலிருந்து முனைவரை சிவப்புச் சாயத்தில் 'உபயம்' என்று தொடங்கி ஒருவருடைய பெயர், அவருடைய அப்பா பெயர், கடையின் பெயர்.

“குடுத்தவங்க பேர விளக்கு மேலயே எழுதியிருக்காங்க பாரு. பூமிக்காரங்க விவரமானவங்க,” என்றான்.

விளக்குக்குக் கீழே மண்டபம் அரையிருட்டாகக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கொடுப்பவர் பெயர் விளக்கிலேயே வரும் என்ற செய்தி பரவியதும், அதுவரை மன்றத்துப் பிள்ளைகளைக் கண்டு வேறு பாதையில் நழுவியவர்கள் எல்லாம் வாசலில் வரிசை கட்டினார்கள். பெயர்களைச் சுவரில் எழுதலாமே என்று காந்தள் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் ஒப்பந்ததாரர் ஆளவந்தார் சிரித்தார்.

“சுவத்த எவம்மா பாக்கறான்? உசுரு பயத்துல எல்லாரும் விளக்கத்தான் பாப்பாங்க. அங்க எழுது.”

பெரிய தொகைக்குப் பெரிய எழுத்து என்றார்கள். பெயருக்கு முன்னால் பட்டங்கள் வேண்டும் என்றார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் எழுதும் வேலை காந்தளின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கண்ணாடி வெள்ளிச் சாயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் தெரியுமா என்று பொறுப்பாசிரியை ரொசாலினிடம் கேட்டாள். எழுத்துக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதே, அது போதும் என்றார் அவர். கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது என்றும் சொன்னார். விளக்கே இல்லாததற்கு இது மேல் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு காந்தள் கடைசிப் பெயரையும் எழுதி முடித்தாள்.

திறப்பு விழாவில் விளக்கு எரிந்ததும் கைதட்டினார்கள். பச்சை என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் பச்சையாகத்தான் தெரிந்தது.

சில நாள் கழித்து ஒரு மதியம் தரை லேசாக அதிர்ந்தது. விண்கல் எங்கேயோ விழுந்திருக்கும்; அடிக்கடி நடப்பதுதான். ஆசிரியர் பாடத்தை நிறுத்தவில்லை. தும்பைக்குப் பள்ளி விட்டிருக்கும் நேரம் அது. காந்தள் யாரிடமும் கேட்காமல் எழுந்து ஓடினாள். செவ்வாயில் ஓடுவதென்றால் கால் தரையில் பாவாது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு மேலே எழும்பி, நிதானமாகக் கீழே இறங்கும். அவசரத்துக்கு உதவாத ஓட்டம்.

நடைபாதையின் கோடியில் கதவு. நெம்புகோலில் ஒரு கையை வைத்தபடி தும்பை அண்ணாந்து நின்றாள். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளி எழுத்துகளுக்கு இடையில் கசிந்த வெளிச்சம் பச்சையா சிவப்பா என்று காந்தளால் சொல்ல முடியவில்லை. எல்லாம் அவள் கையால் எழுதிய எழுத்துகள்.

கையை எடு என்று கத்த நினைத்தாள். திடுக்கிட்டு நெம்புகோலை இழுத்துவிடுவாளோ என்று அடக்கிக்கொண்டாள்.

தும்பை புதிதாக எழுத்துக்கூட்டக் கற்றவள். கண்ணில் பட்டதை வாசித்து முடிக்காமல் நகரமாட்டாள். “செம்...மேட்டுச்... சிங்...கம்... கொ...டை... வள்...ளல்...” பட்டங்கள் தீர்ந்து ஆளவந்தாரின் பெயரை அவள் எட்டுவதற்குள் காந்தள் வந்து அவளை வாரி இழுத்தாள்.

விரலை நாக்கில் வைத்தாள். நாக்கு வறண்டு கிடந்தது. அக்கா விளையாட வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தும்பை தன் விரலை நனைத்துக் கதவின் விளிம்பில் வைத்தாள்.

“ஐ, சில்லுன்னு இருக்குக்கா.”

கதவுக்கு அந்தப் பக்கம் காற்றே இல்லை.

குழாயின் ஓட்டையை அன்றே அடைத்துவிட்டார்கள். மாலையில் கூட்டம் போட்டார்கள். கண்ணாடியைத் துடைக்கச் சொல்வார்கள் என்று நம்பி, காந்தள் கையோடு ஒரு துணி கொண்டு போயிருந்தாள். ஆளவந்தார் தழுதழுத்த குரலில் பேசினார்.

“எங்க பேரப் படிச்சதாலதான் இந்தப் புள்ள பொழச்சுது.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சிவப்பு வெளிச்சத்தில் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை, குழந்தை திணறித்தான் வாசித்திருக்கிறாள் என்று ஒருவர் வருத்தப்பட்டார். பெயர்கள் பளிச்சென்று தெரியும்படி எதிர்ச் சுவரில் பெரிய வெள்ளை விளக்கு ஒன்று வைப்பது என்று முடிவானது. மாணவர் மன்றம் நிதி திரட்டித் தரும் என்று இர்பான் எழுந்து அறிவித்தான். யாரோ வெள்ளிச் சாயப் பேனாவைக் கொண்டுவந்து காந்தளின் கையில் கொடுத்தார்கள்.

பெயர் கொடுக்க நின்றவர்களின் வரிசை அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது. அவள் துணியை மடித்து மறைத்துக்கொண்டு, மடியில் இருந்த தும்பையின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் குளிர்ந்தே இருந்தது.