வாசலில் வந்திருப்பது யார்?

மூன்றாம் மாடி வாயாடியை அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறாள். வாய் மட்டும் ஓயவே ஓயாது. அந்த வாய்தான் ஒரு சனிக்கிழமை அவளை மாட்டிவிட்டது.

காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவள் வழக்கம்போல உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, குப்பைக்காரி வந்திருக்கா."

திரும்பினால், குப்பை வாங்க வந்தவருக்குப் பின்னால் சுருட்டை நின்றிருந்தாள். வகுப்பில் வாயாடிக்குப் பக்கத்தில் உட்காரும் அதே சுருட்டை. விடுமுறை என்று அம்மாவோடு வந்திருக்கிறாள். அவளுடைய அம்மாதான் இவர் என்பது வாயாடிக்கு அதுவரை தெரியாது. சுருட்டை விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை வாயாடி மன்னிப்புக் கேட்டாள். சுருட்டை நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க அம்மாவ ஸ்கூல் வாசல்ல பாத்தா நான் ஆன்ட்டின்னுதானே கூப்பிடறேன்? வாங்க, போங்கன்னுதானே பேசறேன்?"

கேட்டுவிட்டுச் சுருட்டை பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். வாயாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி அந்தச் சொல் தன் வீட்டில் கேட்கவே கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அம்மா, ஆன்ட்டி வந்திருக்காங்க."

அம்மா பதறிப்போனார். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். தலையைக் கோதிக்கொண்டு சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கடி ஆன்ட்டி?"

"இவங்கதாம்மா."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வந்தவருக்கும் கூச்சம். இதெல்லாம் எதுக்கு பாப்பா என்று முனகியபடி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஊரே குப்பைக்காரி என்றுதான் கூப்பிடுகிறது, நீ மட்டும் என்ன பெரிய மனுஷியா என்று அம்மா கேட்டார். தம்பியோ நாள் முழுக்க அவளையே "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று கூப்பிட்டு வெறுப்பேற்றினான். வாயாடி விடுவதாக இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மணி அடித்தால் அவள்தான் முதல் ஆள்.

"மத்த பிரெண்ட்ஸோட அம்மால்லாம் ஆன்ட்டி. இவங்க மட்டும் இல்லையாம்மா?" என்று கேட்டாள். அம்மா கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. போச்சு, தம்பிதான் கதவைத் திறப்பான். தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஆன்ட்டி வந்திருக்காங்க" என்றான் தம்பி.

"வாங்க," இது அம்மாவின் குரல். "மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

வாயாடி அவசர அவசரமாக உடை மாற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அம்மாவோடு வந்திருந்த சுருட்டை வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"காதுல சோப்பு இருக்குடி, முதல்ல துடை" என்றாள்.