கைச்சூடு

பிடித்த கையை எடுத்த பிறகும் மீற்றரில் எண் ஏறவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், பின்னேரம் நாலு மணி. வோபர்ன் பகுதியில், ஆட்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மன்றில், துருவாடையும் ஈர அட்டைப்பெட்டி வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, பழுதுபார்க்க வந்த, வீட்டைச் சூடாக்காமல் குளிர்ந்து கிடந்த பொயிலருக்கு முன்னால் வின்சன்ற் குந்தியிருந்தான். வெளியே எவ்வளவு குளிர் என்று பொயிலருக்குச் சொல்வது வெளிச்சுவரில் உயரத்தில் பூட்டிய சென்ஸர். அதைச் சோதிக்க அவனும் மனைவியின் தம்பி நவரட்ணமும் வைத்திருந்த வழி லேசானது. ஒருவன் ஏணியில் நின்று அதை உள்ளங்கையால் பொத்துவான். கைச்சூட்டுக்கு மின்தடை குறைந்து கீழே மீற்றரில் எண் இறங்கும். கையை விட்டால் குளிருக்கு ஏறும்.

“விடடா மச்சான்!” நிலமட்ட ஜன்னலின் நீக்கலால் வின்சன்ற் கத்தினான்.

“விட்டாச்சு அத்தான்!”

“உன்ர சேட்டையை விடு. இன்னும் கைச்சூடுதான் காட்டுது.”

தடதடவென்று படியிறங்கி வந்த நவரட்ணம் விறைத்த கைகள் இரண்டையும் அவன் முகத்துக்கு முன்னே விரித்தான். “பாருங்கோ. அப்ப ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது, ஏதும் பேயே?”

எண் அசையவில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினாலும் அதே எண். சென்ஸர் பழுது என்று வின்சன்ற் முடிவுகட்டினான்.

“கழட்டிக்கொண்டு வா. வேற போடுவம்.”

நவரட்ணத்தின் சப்பாத்துகள் ஜன்னலைத் தாண்டி ஏணியில் ஏறின. பனி நறநறத்தது. ஏணி ஒருமுறை முனகியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“அத்தான்…” குரல் சிறுத்திருந்தது. “இஞ்ச ஒரு கை—”

ஏணி சரிந்தது. சப்பாத்துகள் கீழே வரவில்லை. காற்றில் உதைத்தன.

“அத்தான்! இழுக்குது! வாங்கோ!”

படி நாலடி தூரம். வின்சன்ற் அந்தப் பக்கம் போகவில்லை.

ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு எலும்பு முறியும் சத்தம். வெள்ளைப் பனியில் சிவப்பாய்க் கொட்டியது. ஆவி பறந்தது.

ஒரு சப்பாத்து விழுந்தது. காலோடு.

நவரட்ணம் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். வின்சன்ற் ஜன்னலை இழுத்துக் கொளுவினான்.

கத்தல் நின்றது.

பனியில் வெறுங்கால்கள் இறங்கின. நீளமானவை. சுற்றிலும் பனி உருகியது. முழங்கால்கள் மெல்ல மடிந்தன.

கண்ணாடிக்கு அருகே நவரட்ணத்தின் முகம் வந்தது. வாய் திறந்தபடி. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தலைமயிரை விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தன.

அவை தலையைப் பின்னுக்கு இழுத்தன. கண்ணாடியில் ஓங்கி மோதின.

திரும்பவும்.

திரும்பவும்.