கேணலுக்குப் படைத்த சோறு

டென்மார்க்கின் விபோர்க் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய வீட்டுக்குச் சாரங்கி வந்து சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. நவம்பர் மாதம், அதற்குள் இருட்டு. உள்ளே ஈரச் சுவரின் மணத்தோடு சுருட்டு மணமும் இருந்தது.

நூறு வருடத்துக்கு முன்பு அங்கே செத்துப்போன மேஜர் தோர்ன் என்ற வெள்ளைக்காரரின் வாழ்க்கையை எழுதுவதுதான் அவளுடைய வேலை. வீட்டைச் சனம் வந்து பார்க்கிற நூதனசாலை ஆக்கப் போகிறார்களாம். ஆறு வருடமாக அவளுக்குத் தற்காலிக வேலைதான். இதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் நிரந்தரமாக்குவதாக மேலாளர் நிக்கலஸ் சொல்லியிருந்தான். இதற்கு முன்னும் எத்தனை தரம் சொன்னவன்!

தோர்ன் இலங்கையில் முப்பத்தொரு வருடம் பிரித்தானியப் படையில் இருந்தவர். சனத்தின் குடிசைகளைக் கொளுத்தியதை நாட்குறிப்பில் ஒரே வரியில் எழுதி முடித்த மனிதர், மேஜருக்கு மேலான கேணல் பதவி கேட்டு மட்டும் ஏழு கடிதம் எழுதியிருந்தார். ஏழுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்றே பதில். டென்மார்க்காரியைக் கட்டி, இங்கே வந்து, மேஜராகவே கண்ணை மூடினார்.

மறுநாள் காலை, அச்செடுத்து வைத்த தாள்களில் "மேஜர்" என்ற சொல் எல்லா இடத்திலும் வெட்டப்பட்டிருந்தது.

மை காயவில்லை.

திரும்ப அச்செடுத்தாள். திரும்பவும் வெட்டு. மூன்றாம் நாள் நிக்கலஸ் தாள்களை மேசையில் போட்டான்.

"இது என்ன விளையாட்டு, சாரங்கி?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டுக்குப் போய்த் தாய் கமலாதேவியிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அது ஏதோ மனக்குறையோட கிடக்குதடி. விருப்பமானதைச் சமைச்சுப் படைச்சு விடு" என்றாள் தாய்.

வியாழக்கிழமை சோறு, ஆட்டிறைச்சிக் கறி, ஒரு சுருட்டு, கொஞ்சம் பிராண்டி எல்லாவற்றையும் மேல்மாடியில் இருந்த அவருடைய மேசையில் வைத்தாள்.

"கேணல் ஐயா, சாப்பிடுங்கோ. என்ர வேலையை மட்டும் கெடுக்காதேங்கோ."

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். உள்ளே நாற்காலி இழுபட்டது.

பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

கதவைத் திறந்தபோது ஒருவரும் இல்லை. மத்தியானம் சாப்பிடாத பசி. வீட்டில் செய்கிற பழக்கத்தில், படைத்த சோற்றை அவளே குழைத்துச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தாள்களில் ஒரு வெட்டும் இல்லை. மேசையில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. நிரந்தர நியமனம்! வேலையிடம், இந்த வீடு. சந்தோசத்தில் உடனே தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள்.

"படைச்ச சோத்தை என்ன செய்தனி?"

"நான்தான் சாப்பிட்டன்."



"அது செத்தவற்ர சொந்தக்காரர் எல்லோ சாப்பிடுறது, பிள்ளை. இனி உன்னைத் தன்ர ஆளெண்டு பிடிச்சு வைக்கும், உடன வெளிக்கிட்டு வா."

தாயின் அழைப்பு முடிந்ததும் நிக்கலஸ் தொலைபேசியில் அழைத்தான்.

"மன்னித்துக்கொள். உன் ஒப்பந்தத்தை நீடிக்க முடியாதாம். இன்றோடு முடிகிறது."

"அப்ப நீங்கள் அனுப்பின கடிதம்?"

"எந்தக் கடிதம்?"

அவள் கையிலிருந்த கடிதத்தில் மை இன்னும் காயவில்லை. வாசலுக்கு ஓடினாள். கதவு அசையவில்லை.

மேல்மாடியில் யாரோ மேசைக்கு முன்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.