மணிப்புறா கதவு

காலையில் வந்ததும் பெயர் மாற்றுவதுதான் என் வேலை. கடல் ஏறி வந்த பிறகு இந்தக் கரையில் சுவர் கட்டினார்கள், சுவரில் கதவுகள் வைத்தார்கள், கதவுகளைப் பராமரிக்க விளம்பரதாரர்களைப் பிடித்தார்கள். யார் பணம் கட்டுகிறார்களோ அவர்கள் பெயர்தான் கதவுக்கு. முந்தி சோப்பு, இப்போது சிமெண்ட், நாளைக்கு என்ன எழவோ! எனக்குக் கையும் மனசும் அலுத்துப்போய்விட்டது.

பெயர் மாற்ற ஒரு முறை இருக்கிறது. முதலில், ஒவ்வொரு கதவும் எப்போது எப்படி மூட வேண்டும் என்பதைச் சேர்த்து வைத்திருக்கும் அமைவுக் காப்பகத்தில் மாற்ற வேண்டும், அப்புறம்தான் கதவை இயக்கும் கன்ட்ரோலரில். அப்போதுதான் பழைய பதிப்புகளும், எதை யார் எதற்காக மாற்றினார்கள் என்ற குறிப்புகளும் புதுப் பெயரோடு கூடவே வரும். தலைகீழாகச் செய்தால் பழைய கதவு செத்துப் புதுக் கதவு பிறந்துவிட்டதாகக் காப்பகம் நினைத்துக்கொள்ளும். பிறந்ததற்கு உடனே தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த ஆரம்ப அமைவை ஏற்றிவிடும்.

அன்று அதைத் தலைகீழாகச் செய்தவர் எங்கள் மேலாளர் கோமதிநாயகம். துறைமுகக் கதவுக்குப் புதிதாகப் பணம் கட்டிய மணிப்புறா டீக் கம்பெனி முதலாளி திறப்பு விழாப் பந்தலுக்கு வந்துவிட்டார் என்று, தன் போனிலிருந்தே நேராகக் கன்ட்ரோலரில் அதன் பெயரை மாற்றிவிட்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? இந்தக் கதவு மீன்பிடிக்கப் போன வள்ளம் எல்லாம் உள்ள வந்த பொறவுதான் மூடும். இனிமே எச்சரிக்கை வந்ததுமே மூடிரும்."

"மூடத்தானே கதவு வச்சிருக்கு? அப்படி மாத்தி வச்சது யாரு?"

"நான்தான். மூணு வள்ளம் வெளிய மாட்டிச் சுவத்துல மோதுச்சே, அன்னைக்கு. குறிப்புல இருக்கு."

"அந்த வரலாறு பூரா சிமெண்ட் கம்பெனி பேருலல்லா கெடக்கு! புதுக் கதவுல பழைய கம்பெனி வாடையே இருக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். தொடாதீங்க, பிரகாசி."

சொல்லி வாய் மூடவில்லை, அலை எச்சரிக்கை அலறியது. கதவு இறங்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சூசை கடலில் இருந்தார். அவரோடு போன மற்ற வள்ளங்களும் வெளியேதான் இருந்தன. நான் காப்பகத்தைத் திறந்தேன்.

"வேலை போயிரும்மா!" என்று கத்தினார் கோமதிநாயகம்.

"போகட்டும்!"

காப்பகத்தில் பிறந்திருந்த புதுக் கதவை அழித்தேன். செத்ததாகக் கிடந்த பழையதற்கு மணிப்புறா என்று பெயர் மாற்றி, கடைசிப் பதிப்பைக் கன்ட்ரோலருக்கு அனுப்பினேன். பாதி இறங்கிய கதவு நின்றது, மெல்ல மேலே ஏறியது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. கடலும் கூடவே நுழைந்தது. பந்தல் சாய்ந்து, டீ முதலாளியின் வெள்ளை வேட்டி இடுப்பு வரை நனைந்தது. கடைசியாக வந்தது சூசையின் வள்ளம்தான். அது உள்ளே வந்த பிறகுதான் கதவு மூடியது.

மறுநாள் கோமதிநாயகம் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மேலிடத்துல உங்களை நீக்கச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?"

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஆனால் அவர் விரல் என் கணக்கை அழிக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டேன்.

"அழிச்சிராதீங்க சார். ஆளை அழிச்சா அந்த ஆளு செஞ்ச மாத்தமும் அழிஞ்சிரும். கதவு மறுபடி பழையபடி மூடும். பேரை மட்டும் மாத்துங்க."

அவர் அழிப்பதை விட்டுவிட்டுப் பெயர் மாற்றும் கட்டத்தைத் திறந்தார்.

"என்ன பேரு வைக்க?"

"டீக் கம்பெனிய கேளுங்க. பணம் கட்டுனா என் பேரும் அவங்களுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. எழுத்துகளை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

"இந்தத் தடவையாவது முதல்ல காப்பகத்துல மாத்துங்க, சார்," என்றேன்.

அப்படியே செய்தார். திரையில் கதவைப் பற்றிய என் பழைய குறிப்பு வந்தது. மாற்றியவர்: முன்னாள் ஊழியர். காரணம்: மூன்று வள்ளங்கள் வெளியே நின்றன.

என் பெயர் அங்கே இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். துறைமுகத்தில் சூசை மறுபடியும் வள்ளத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்.