பாவ்லக் கொடுக்காத சம்மதம்

எட்மண்ட் பாவ்லக் உட்கார மறுத்துவிட்டார்.

"பஃபலோ முழுக்க என் மகனைத்தான் பேசுறாங்க. ஊரைவிட்டுப் போகமாட்டேன்னு ஏப்ரல்ல சொன்னான், ஜூலையில எழுதிக் கொடுத்துட்டானாம். சொன்ன சொல் மாறுற வழக்கம் எங்க வீட்டுல இல்ல."

ஓய்வுபெற்ற பேஸ்பால் நடுவரும் இப்போது துப்பறிபவருமான ஹார்லன் பிக்ஸ்பி, அவர் நீட்டிய கைபேசியை வாங்கினார். திரையில் ஒரு கடிதத்தின் படம். 'என்னை மற்றோர் அணிக்கு மாற்றச் சம்மதிக்கிறேன்.' கீழே தடித்த நீலத்தில் டேமியன் பாவ்லக் என்ற கையெழுத்து. அதன் அடியில் 41. வரிகள் தாளின் மேற்பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

டேமியன் பந்து வீசுபவன். மேல்மட்ட ஆட்டத்தில் பத்தாண்டு முடித்தவன். கடைசி ஐந்தாண்டும் ஃபெரிமென் என்ற ஒரே அணியில். அப்படிப்பட்டவனை அவன் சம்மதமில்லாமல் வேறு அணிக்குக் கொடுக்க முடியாது. இந்த ஆண்டு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு அன்று மாலை ஆறு மணி.

"கையெழுத்து என்னுதுதான். ஆனா இந்தக் கடுதாசிய நான் பார்த்ததே இல்ல," என்றான் அப்பாவின் பின்னால் நின்ற டேமியன்.

"அப்ப கதை முடிஞ்சுது சீஃப்," என்றான் பிக்ஸ்பியின் கூட்டாளி கஸ் ட்ரூமோ.

"கேட்சரா இருந்தப்பவும் இப்படித்தான் அவசரப்பட்டு பந்தைக் கோட்டை விடுவீங்க," என்றார் எட்மண்ட்.

பிக்ஸ்பி சிரிக்கவில்லை. "ரசிகர்களுக்கு எதுலப்பா கையெழுத்துப் போடுவ?"

"பந்து, தொப்பி, ஆபீஸ்ல அடுக்கிக் கொடுக்குற வெள்ளைத்தாள்... எது நீட்டினாலும்."

"உன் பழைய ஒப்பந்தங்கள் இருக்கா?"

எட்மண்ட் நான்கையும் கொண்டுவந்திருந்தார். பிக்ஸ்பி கடைசிப் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு நால்வரும் அணி மேலாளர் ராண்டால் கீச்சின் அறையில் நின்றார்கள். கடிதத்தின் அசல் மேஜைமேல் இருந்தது.

"இதுல எங்கே வச்சுக் கையெழுத்துப் போட்டான்?" என்று கேட்டார் பிக்ஸ்பி.

"இதே மேஜைல, என் கண்ணு முன்னால. இதோ, இந்தப் பேனாவாலதான்." கீச் தன் பால்பாயின்ட் பேனாவை உயர்த்தினார்.

"எழுதிக் காட்டுங்க."

கீச் கோடு கிழித்தார். மெல்லிய கறுப்புக் கோடு.

"கடுதாசியில இருக்குறது பந்துமேல எழுதுற தடிச்ச மார்க்கர் மை. அது போகட்டும். நாலு ஒப்பந்தத்துலயும் இவன் பேரு மட்டும்தான் போட்டிருக்கான். சட்டை நம்பரைப் பேருக்குக் கீழே போடுறது ரசிகனுக்கு மட்டும்தான். நீங்க தினமும் நூறு பார்க்குறீங்க, அதனால அது உங்க கண்ணுல உறுத்தல. ரசிகனுக்காகப் போட்ட வெத்துத்தாளை எடுத்து, கையெழுத்துக்கு மேல இருந்த இடத்துல கடுதாசிய அடைச்சிருக்கீங்க."

"அட, அதான் வரியெல்லாம் அப்படி முட்டிக்கிட்டு நிக்குதா!" என்றான் கஸ்.

கீச்சின் முகம் சிவந்தது. "சரி, நாளைக்கே இவன் எங்களுக்கு வேண்டாம்னு வேய்வர்ஸ் பட்டியல்ல விடுறேன். எந்த அணி வேணும்னாலும் கை தூக்கி எடுத்துக்கலாம். அதுக்கு இவன் சம்மதம் தேவையே இல்ல."

"தேவையில்லதான்," என்றார் பிக்ஸ்பி. "ஆனா மாத்திக் கொடுத்தா பதிலுக்கு உங்களுக்கு ரெண்டு இளம் ஆட்டக்காரங்க வருவாங்க. வேய்வர்ஸ்ல போனா ஒருத்தனும் வரமாட்டான். அதுக்குத்தானே இந்தக் கடுதாசி?"

டேமியன் மேஜையருகே வந்தான். "வேய்வர்ஸ்லயே விடுங்க சார். என்னைத் தூக்கி வெளியே போட்டாங்கன்னு ஊர் பேசட்டும். நானா போறேன்னு சொன்னதா ஒருத்தனும் பேசக்கூடாது."

எட்மண்ட் மகனைப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து முதன்முறையாக ஒரு நாற்காலியை இழுத்து, கீச்சின் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மணி அஞ்சு அம்பது. அந்தக் கடுதாசிய இனி எவனுக்கும் அனுப்ப முடியாது. ஆறு அடிக்கிற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்."