பலகையின் இடதுபக்கம்

“லாக்கப்புல அடிச்சிக்கினே இருக்காங்கம்மா. இன்னிக்குத் தாங்க மாட்டாரு. செய்யாததையும் செஞ்சேன்னு ஒத்துக்குவாரு.”

வக்கீல் செவ்வந்தியிடம் இதைச் சொன்னபோது, ‘செய்யாததை’ என்ற இடத்தில் செங்கமலத்தின் குரல் இடறியது. கணவன் கண்ணையனின் கோபம் அவளுக்குத் தெரியும். அவளுடைய முன்பல் ஒன்று அந்தக் கோபத்தில்தான் போயிருந்தது.

ஒப்பந்த வெல்டர்கள் சங்கத்தின் செயலாளர் பெனடிக்ட், சங்கக் கொட்டகையில் மண்டை பிளந்து கிடந்தார். கசடு தட்டும் கூர்ச்சுத்தியலால் அடித்திருந்தார்கள். பக்கத்தில் சங்கத்தின் புதுப்பெயர்ப் பலகையும் அடிபட்டுக் கிடந்தது. ‘ஒப்பந்த’ என்ற சொல் இருக்கும்வரை ஆலையில் எந்த அதிகாரியும் மதிக்க மாட்டார் என்று, ‘வெல்டிங் தொழில்நுட்பர் கழகம்’ எனப் பெயரை மாற்ற வைத்தவர் தலைவர் அன்புச்செல்வன். “நம்ம பொழப்ப மறைச்சிட்டு என்னடா கழகம்? பலகைய ஒடைப்பேன்” என்று கூட்டத்தில் கத்தியவன் கண்ணையன். போலீசுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று பிற்பகல் செவ்வந்தி அழைத்தபடி இன்ஸ்பெக்டரும் அன்புச்செல்வனும் பெயின்டர் லூர்துசாமியும் கொட்டகைக்கு வந்தார்கள். காய்ந்த ரத்தத்தில் ஈ மொய்த்தது. செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘அவர்தான் என்று சொல்லிவிடுவார்களோ?’

“ஆனி, பெயரைப் படிக்க முடியுதா?” என்றாள் செவ்வந்தி.

“முடியுது மேடம்” என்றாள் ஜூனியர் ஆனி. “ஒரு எழுத்துகூட கெடல. அடியெல்லாம் இடதுபக்கம், காலி இடத்துல. வெறியில குறி தவறியிருக்கும்.”

“இத்தனை அடியுமா தவறும்? பெயர் மேல கோபம் உள்ளவன் பெயரை விட்டுட்டு வெறும் தகரத்தையா அடிப்பான்? எழுத்தெல்லாம் ஏன் வலது ஓரத்துல நெருக்கிக்கிட்டு நிக்குது? லூர்துசாமி, குடிச்சுட்டா எழுதுனீங்க?”

“கோயில் போர்டு எழுதுற கைம்மா இது!” லூர்துசாமிக்கு ரோஷம் வந்தது. “நடுவுலதான் எழுதுனேன். பெனடிக்ட்டு வந்து, ‘கண்ணையன் சொல்றதுதான் நாயம், முன்னாடி ஒப்பந்தன்னு சேரு’ன்னாரு. அழிச்சிட்டு மறுபடி எழுதி, இங்க கொட்டகையில எறக்கிக் குடுத்துட்டு காடாம்புலியூர் போயிட்டேன். இன்னிக்குத்தான் வரேன்.”

“அப்போ அது காலி இடம் இல்ல; பெயின்ட்டே உதிர்ற அளவுக்கு அடிச்சு சிதைச்சது அந்த ஒரு சொல்லைத்தான். அதைக் கேட்டவனே சிதைப்பானா? அது ஆகாதவன் சிதைச்சிருக்கான். தடுக்க வந்தவர் மண்டையிலயும் அதே சுத்தியல். பலகையை இறக்கறப்போ யார் இருந்தா?”

“பெனடிக்ட்டு...” லூர்துசாமி அன்புச்செல்வனைப் பார்த்தார். “தலைவரும்.”

அன்புச்செல்வன் வாசலை நோக்கிப் பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் விட்ட ஓர் அறையில் அவன் உதடு கிழிந்தது.

“மொத தடவையா ஆபீசுல நாற்காலி போட்டாங்க சார். அந்தச் சொல்லோட போனா மறுபடி ஆலை கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். பெனடிக்ட்டு அடிக்காதடான்னு கையப் புடிச்சான்...”

இத்தனை நாளும் தானும் கணவனைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தது அப்போதுதான் செங்கமலத்துக்கு உறைத்தது.

சாயங்காலம் கண்ணையன் காலை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, படியிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

“எனக்கோசரமா அந்தச் சொல்ல சேத்தான்?” என்றான். “ஏன்டி, நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா அவன் உசுரோட இருந்திருப்பானே!”