இரண்டாவது ஆள்

இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. மூன்று மாடி ஏறி வந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டு, திருப்பாமல் கதவில் சாய்ந்து நின்றாள். வாரத்தில் ஆறு நாள் ஆல்டரேஷன் கடையில் ஊரார் பேண்ட்டுக்கெல்லாம் ஓரம் மடித்துத் தைக்கிற கை. ஒரு சாவியைத் திருப்பவும் அதற்கு இப்போது சோம்பலாக இருந்தது.

"குடுங்க அண்ணி, நான் திறக்கிறேன்," என்றான் கொழுந்தன்.

மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை, அந்த ஒரு அறையைத் தவிர. அவள் கணவன் இருபது வருடமாகச் சேர்த்த பழைய வீடியோ கேம் பெட்டிகள் அங்கே கூரை வரை அடுக்கியிருந்தன. வெள்ளையாக வாங்கியது மஞ்சளாகிவிட்டது, கறுப்பாக வாங்கியது சாம்பலாகிவிட்டது, ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை. கீழ்த்தட்டு முழுக்கக் கேசட்டுகள். நடுவில் முதுகு பெருத்த பழைய டிவி. இத்தனை ஆட்டமும் கொழுந்தனின் லேப்டாப்பில், பழைய பெட்டிகளைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில், நகலாக இருந்தது. அண்ணனும் தம்பியும் சந்தித்தால் இதே வழக்குதான்.

"நகல்ல ஆடுறது போட்டோவுக்குச் சோறு ஊட்டுற மாதிரிடா," என்பான் அண்ணன்.

"நீ ரூம் முழுக்க வெச்சிருக்கிறதை நான் பையில வெச்சிருக்கேன். அண்ணிக்குத் தூசி தட்டுற வேலையாவது மிச்சம்," என்பான் தம்பி.

தூசி தட்டியவள் அவள் என்பதால், மனசுக்குள் அவள் எப்போதும் தம்பி கட்சி.

உள்ளே நுழைந்ததும் வலித்தைல வாசனை அடித்தது. கணவன் விரல்களுக்குத் தினமும் அவள் தேய்த்துவிட்ட தைலம். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். வாசனை போகவில்லை.

மூன்று வருடம் படுக்கையும் நாற்காலியுமாகக் கிடந்தான். மற்ற நேரமெல்லாம் நோயாளி. மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் ஆட்டக்காரன். இருவர் சேர்ந்து ஆடும் ஒரே ஒரு கேசட். முதல் ஜாய்ஸ்டிக் அவன் கையில், இரண்டாவது அவள் கையில். இரண்டு பேரும் பட்டனை அழுத்தினால்தான் ஆட்டம் தொடங்கும். கடையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் அவள் உட்காருவாள். அந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது வாலும் தெரியாது, அவன் சொன்ன பக்கம் திருப்புவாள். முடிந்ததும் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறோம் என்று திரையில் வரும் எண்ணை அவன் வாய்விட்டுப் படிப்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

கடைசியாகப் படித்தது எண்ணூற்று நாற்பது.

அதற்கு மறுநாள்தான் அவன் போனான். அன்றைக்கும் ஆறு மணிக்குக் கூப்பிட்டான். அவளுக்கு இடுப்பு ஒடிந்து விழுந்தது. "இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் என்று அடுக்களைச் சுவரில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். விழித்தபோது மணி ஏழு. அவன் நாற்காலியில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி இருந்தான், கை சில்லிட்டிருந்தது. திரையில் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

'இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறது.'

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

"அண்ணி, அந்தக் கேசட்டை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"

வீட்டைப் பூட்டும்போது அவளே அணைத்துவிட்டுப் போன மெயின் சுவிட்சைக் கொழுந்தன் இப்போதுதான் போட்டான். டிவி கீச்சென்று முனகி வெளிச்சம் விட்டது. சேமித்து வைத்த ஆட்டம் வந்தது.

தொள்ளாயிரத்து ஒன்று.

அவள் விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவன் போய் அறுபத்தொரு நாள்.

"தம்பி, பெட்டி அணைஞ்சு கிடக்கும்போது இந்த மணி ஓடுமா?"

"அதெப்படி அண்ணி ஓடும்? ஆடினாத்தான் ஏறும்."

முதல் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுத்தது.

கொழுந்தன் கேசட்டைக் கழற்றி, திருகாணி நீக்கி உள்ளே பார்த்தான். பொட்டு அளவில் ஒரு பேட்டரி. "சேமிச்சதெல்லாம் இதோட தயவுலதான் நிக்குது. சாகக் கிடக்கு. மாத்தணும்னு கழட்டினா எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிறேன்."

"எடுக்காம அப்படியே விட்டா?"

"ஒரு மாசம் தாங்காது. தானா போயிடும்."

தானாகப் போய்விடும். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது! அவனும் போகட்டும், நானும் தூங்குகிறேன். 'விட்டுடுப்பா' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கொழுந்தனின் கண் கலங்கியிருந்தது. ஏன் அண்ணி என்று கேட்டால் என்ன சொல்வது? உன் அண்ணன் கூப்பிட்டபோது நான் போகவில்லை என்றா?

"எடு," என்றாள்.

நகல் லேப்டாப்புக்குப் போனது. பிறகு அவன் சூடான கம்பியை வைத்துப் பேட்டரியைக் கழற்றிப் புதியதை வைத்தான். சோதித்துப் பார்க்கக் கேசட்டை மறுபடி சொருகினான். திரையில் ஒன்றுமில்லை, வெறும் கட்டம்.

வாசனை நின்றுவிட்டது.

சட்டென்று, யாரோ அறையை விட்டு எழுந்து போனதுபோல் நின்றுவிட்டது. ஐயோ என்று இருக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. மூன்று வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த தோள்கள் இறங்கின. அழுகை வந்தது, நன்றாக இருந்தது.

"அழாதீங்க அண்ணி. போயிடலை. இதோ பாருங்க," என்று கொழுந்தன் லேப்டாப்பில் நகலைத் திறந்தான்.

தைல வாசனை திரும்பி வந்தது. இம்முறை அறையிலிருந்து அல்ல.

அவள் பின்கழுத்துக்கு மிக அருகிலிருந்து.

"உங்க போன்லயும் போட்டுக் குடுக்கிறேன். எங்க போனாலும் அண்ணன் கூடவே இருப்பாரு," என்றான் அந்த நல்ல பிள்ளை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

பெட்டிகளை ஒரு சேகரிப்பாளர் வந்து அள்ளிக்கொண்டு போனார். அவள் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக் குடிபோனாள். போனிலிருந்த நகலை அன்றைக்கே அழித்தாள். மறுநாள் மாலை ஆறு மணிக்கு வாசனை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஏழு மணிக்குப் போனது. போனையே விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கினாள். அப்போதும் வந்தது.

பத்தாம் நாள், கடையில் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் அழைத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். சுவர்க்கடிகாரத்தில் ஆறாக இரண்டு நிமிடம்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அண்ணன் ஞாபகமா அந்த நகலை, பழைய கேம் ஆடுற எங்க குரூப்ல போட்டிருந்தேன். இருநூறு பேர் எடுத்திருக்காங்க."

அவள் கையிலிருந்த கத்தரி நின்றது.

"இருநூறா?"

"அவங்க வேற வேற ஊரு, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்க. யாரும் தொடாமலே மணி ஏறுதாம். சாயங்காலமானா வீட்டுல ஏதோ தைலம் நாறுதாம்." அவன் குரல் இறங்கியது. "ஆட்டம் ஆரம்பிக்கவே மாட்டேங்குதாம், ரெண்டாவது ஆளுக்காகக் காத்திருக்குன்னே நிக்குதாம். ஜாய்ஸ்டிக் ரெண்டையும் அவங்களே அழுத்திப் பார்த்தாலும் ஏத்துக்கலையாம். யாரு அண்ணி அந்த ரெண்டாவது ஆள்னு கேக்குறாங்க."

கேசட்டோடு விட்டிருந்தால் ஒரு மாதத்தில் அடங்கியிருப்பான். இப்போது இருநூறு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறான். எத்தனையை அழிப்பது? யாருக்கென்று பதில் சொல்வது? பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மணி ஆறு அடித்தது.

துணி போட்டுப் பார்க்கும் மறைப்புத் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

தைலம் நாறியது.

தொண்டையைச் செருமும் சத்தம். கூப்பிடுவதற்கு முன் அவன் அப்படித்தான் செருமுவான்.

அவள் கத்தரியை மேசையில் வைத்தாள். "இதோ வரேன்," என்றாள்.

"எங்க அண்ணி வர்றீங்க?" என்றான் கொழுந்தன் போனில்.

அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கொழுந்தன் கிசுகிசுத்தான்.

"அண்ணி... என் லேப்டாப்புல ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் வெறுமனே கிடந்த அவள் கைகளின் கட்டைவிரல்கள் இரண்டும், மறைப்புக்குப் பின்னாலிருந்து அவன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன.